கிரேன்: ஒரு பறவையின் கழுத்தும் காலும் அலகும்

போன கோடையில் எங்கள் தோட்டத்துக் கிணற்றை ஆழப்படுத்த ஆள் வைத்தோம். கிணறு வெட்டுகிறவர்கள் இப்போது கூடையும் கயிறுமாக வருவதில்லை, கிரேனோடு வருகிறார்கள். நெடுஞ்சாலைப் பாலம் கட்டும் இடத்தில் நிற்கிற பெரிய வண்டி அல்ல அது. கிணற்றின் விளிம்பில் ஊன்றிய இரும்புச் சட்டம், அதிலிருந்து கிணற்றுக்கு மேலே நீண்டிருக்கும் ஒரு கை, கையின் நுனியில் ஒரு சக்கரம், சக்கரத்தின் மேல் ஓடும் இரும்பு வடம், பின்னால் டப டபவென்று ஒரு டீசல் இன்ஜின். உள்ளே இருப்பவர்கள் உடைந்த பாறையைத் தொட்டியில் அள்ளிப் போட்டுவிட்டுக் குரல் கொடுப்பார்கள். மேலே லிவரைப் பிடித்திருப்பவர் இழுப்பார். தொட்டி ஏறி வரும், கை மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பும், கல் கரையில் கொட்டும். வெறுந்தொட்டியோடு கை பழையபடி கிணற்றுக்கு மேலே போய் நிற்கும்.

இதை எட்டாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் கையில் நோட்டோடு பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலத்தில் வீட்டுப்பாடம்.

“சித்தப்பா, கிரேன்னா கொக்குன்னு டிக்சனரில போட்டிருக்கு. இந்த மிஷினும் கிரேன்தான். பாடத்துல ‘தி பாய் கிரேன்ட் ஹிஸ் நெக்’னு இருக்கு, அதுக்குக் கழுத்தை நீட்டிப் பார்த்தான்னு அர்த்தமாம். மூணுல எதை எழுதுறது?”

நோட்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு மூன்று பொருளையும் எழுதியிருந்தாள். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமே இல்லாத மூன்று சொற்கள்போல அவை கிடந்தன. பெரும்பாலான அகராதிகளும் இப்படித்தான் காட்டுகின்றன. நானும் பள்ளியில் இப்படித்தான் மனப்பாடம் செய்தேன், மறந்தும் போனேன். அன்று கிணற்றடியில் அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். அந்த மூன்றும் ஒரே சொல். மூன்று மட்டுமல்ல, அதே பறவையிலிருந்து கிளம்பிய சொற்கள் இன்னும் பல ஆங்கிலத்தில் உலவுகின்றன. பறவையின் எந்த உறுப்பைப் பார்த்து எந்தச் சொல் வந்தது என்று தெரிந்துவிட்டால் மனப்பாடத்துக்கு வேலையே இல்லை.

முதலில் ஒரு சின்ன இலக்கணம். பள்ளித் தமிழில் ஆகுபெயர் என்று ஒன்று படித்திருப்போம். ஒரு பொருளின் பெயர், அதோடு தொடர்புள்ள வேறொரு பொருளுக்கு ஆகி வருவது. அதில் ஒரு வகை உவமையாகுபெயர். “காளை வந்தான்” என்பது பாடப்புத்தக எடுத்துக்காட்டு. வந்தது மாடு அல்ல, காளையைப் போன்ற வாலிபன். ‘போன்ற’ என்ற சொல்லே இல்லாமல் காளை என்ற பெயர் நேராக அவன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கிரேன் என்ற இயந்திரப் பெயரும் இதே வகைதான். “கொக்கைப் போன்ற இயந்திரம்” என்று யாரோ ஒரு காலத்தில் நினைத்தார்கள். ‘போன்ற’ விழுந்தது. பிறகு பறவையும் நினைவிலிருந்து விழுந்தது. இன்று லிவரைப் பிடித்திருப்பவருக்குக் கிரேன் என்றால் இரும்புதான்.

அந்தப் பறவை எது என்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் அகராதிகள் கிரேனுக்குக் கொக்கு என்றும் நாரை என்றும் பொருள் தருகின்றன. நம் வயலில் டிராக்டருக்குப் பின்னால் நடக்கிற வெள்ளைக் கொக்கு உண்மையில் கிரேன் அல்ல, அது வேறு குடும்பம். உலகத்தில் கிரேன் இனங்கள் மொத்தம் 15. இந்தியாவில் பார்க்க வேண்டுமானால் உத்தரப் பிரதேசத்து நெல்வயல்களில் சாரஸ் என்ற பெரிய பறவை இருக்கிறது. பறக்கும் பறவைகளிலேயே உயரமானது அதுதான், ஏறக்குறைய 6 அடி, ஓர் ஆள் உயரம். ராஜஸ்தானில் கீச்சன் என்ற ஊருக்குக் குளிர்காலத்தில் வேறொரு சிறிய கிரேன் ஆயிரக்கணக்கில் வந்து இறங்குகிறது. லடாக்கில் கருங்கழுத்துக் கிரேன் இருக்கிறது.

நம் கொக்குக்கும் கிரேனுக்கும் உள்ள வேற்றுமையில் இரண்டு, இந்தக் கட்டுரைக்கு மிகவும் தேவையானவை. கொக்கு பறக்கும்போது கவனித்துப் பாருங்கள்: கழுத்தை மடக்கித் தோளுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு பறக்கும். கிரேன் அப்படி மடக்காது. ஈட்டிபோலக் கழுத்தை முன்னால் நேராக நீட்டிக்கொண்டே பறக்கும். இரண்டாவது, கால் தடம். வாய்க்கால் சேற்றில் கொக்கு நடந்த தடத்தில் நான்கு விரல் பதிந்திருக்கும், பின்விரல் நீளமானது. அந்த விரலால்தான் அது மரக்கிளையைப் பற்றிக்கொண்டு உட்கார்கிறது. கிரேனுக்குப் பின்விரல் சிறியது, தரைக்கு மேலே தூக்கியிருக்கும். ஆகவே பெரும்பாலான கிரேன் இனங்கள் மரத்தில் உட்காராது. அவற்றின் தடத்தில் மூன்று விரல்தான் தெரியும். இந்த மூன்று விரல் பின்னால் ஒரு சொல்லாக வரும். கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பறவைக்கே அந்தப் பெயர் எப்படி வந்தது? குரலிலிருந்து. கிரேனின் கூவல் கரகரப்பானது, வெகுதூரம் கேட்கும். அந்தக் கரகரப்பைப் பின்பற்றிய ஒரு பழைய வேரிலிருந்து லத்தீனில் க்ரூஸ், கிரேக்கத்தில் கெரனோஸ், வெல்ஷ் மொழியில் கரன், பழைய ஆங்கிலத்தில் க்ரான் என்று ஒரே பறவைக்குப் பல பெயர்கள் பிறந்தன. எல்லாவற்றிலும் ககரமும் ரகரமும் உரசுவதைக் கேட்கலாம். நாம் காகத்துக்குக் காக்கா என்று பெயர் வைத்த அதே வழிதான்.

இனி கழுத்துக்கு வருவோம்.

பளுவைத் தூக்கும் இயந்திரத்துக்குப் பறவையின் பெயரை வைத்தது ஆங்கிலேயர் கண்டுபிடித்த அழகு அல்ல. அவர்களுக்கு வெகுகாலம் முன்பே கிரேக்கர்கள் கெரனோஸ் என்ற ஒரே சொல்லைப் பறவைக்கும் பளுதூக்கிக்கும் பயன்படுத்தினார்கள். கிமு 6-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிரேக்கக் கோயில்களின் கட்டுமானக் கற்களில் இடுக்கி பிடித்த பள்ளங்கள் காணப்படுகின்றன. சரிவுப் பாதையில் இழுத்து ஏற்றுவதை விட்டுக் கல்லை நேராக மேலே தூக்கத் தொடங்கிவிட்டார்கள் என்பதற்கு அவையே சான்று. நாடக மேடையில் தெய்வ வேடமிட்டவரை அந்தரத்தில் இறக்கவும் இதே போன்ற பொறி இருந்தது. நீண்ட மரம், நுனியில் தொங்கும் கயிறு, கீழே இறங்கி எதையோ கவ்விக்கொண்டு மேலே எழுவது. நீர்க்கரையில் குனிந்து இரை எடுக்கும் பறவையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு வேறு எந்தப் பெயர் தோன்றியிருக்கும்?

ஐரோப்பாவின் மற்ற மொழிகளிலும் இதே கதைதான். பிரெஞ்சில் பறவையும் இயந்திரமும் இரண்டுமே க்ரூ. ஜெர்மனில் இயந்திரம் க்ரான், பறவை க்ரானிஷ். டச்சில் இயந்திரம் க்ரான், பறவைக்குக் குழப்பம் வராமல் இருக்க ‘க்ரான் பறவை’ என்று வால் சேர்த்துச் சொல்கிறார்கள். பறவையின் பெயரை இரும்பு பறித்துக்கொண்டு, பறவையை அடைமொழி தேட வைத்துவிட்டது. போலந்து மொழியில் இரண்டுக்கும் ஜுராவ் என்று ஒரே சொல். க்டான்ஸ்க் துறைமுகத்தில் ஆற்றங்கரையோரம் ஜுராவ் என்றே பெயர்பெற்ற ஒரு பிரம்மாண்டமான மரக் கிரேன் இன்றும் இருக்கிறது. 1442-க்கும் 1444-க்கும் இடையில் கட்டப்பட்டது. கப்பலில் சரக்கு ஏற்றவும் பாய்மரம் நிறுத்தவும் பயன்பட்டது. அதற்கு இன்ஜின் என்பது மனிதக் கால்கள்தான். உள்ளே இருக்கும் பெரிய மரச் சக்கரங்களுக்குள் ஆட்கள் ஏறி நடந்துகொண்டே இருப்பார்கள், சக்கரம் சுழலும், கயிறு சுற்றும், சரக்கு எழும். 1945-இல் போரில் எரிந்து, பிறகு திருப்பிக் கட்டினார்கள்.

டச்சுக்காரர்கள் அதே சொல்லை இன்னொரு திசைக்கும் கொண்டுபோனார்கள். அவர்களுடைய மொழியில் தண்ணீர்க் குழாய்க்கும் க்ரான் என்றுதான் பெயர். குழாயின் வளைந்த கழுத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். அந்தச் சொல் கப்பலேறிப் போயிருக்கிறது: இந்தோனேசியாவில் தண்ணீர்க் குழாய் கெரான். இலங்கையில் சிங்களத்தில் கராமய. கொழும்பில் வாழும் தமிழர்கள் அன்றாடம் காதில் கேட்கிற சொல் அது. குழாயைத் திறக்கும்போது யாருக்கும் பறவை நினைவு வராது, ஆனால் பறவை அங்கே இருக்கிறது. ஆங்கிலத்திலும் இப்படி ஒரு நீர்க் கிரேன் இருந்தது. நீராவி இன்ஜின் ஓடிய காலத்தில் ரயில் நிலையத்தின் கோடியில் யானைத் துதிக்கைபோலத் தொங்கும் ஒரு இரும்புக் குழாய் நிற்கும், இன்ஜின் அதனடியில் போய்த் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஆங்கிலத்தில் வாட்டர் கிரேன் என்று பெயர். குளிர்நாட்டு வீடுகளில் கணப்பு அடுப்புக்கு மேலே பானையைத் தொங்கவிடச் சுவரில் பொருத்திய இரும்புக் கைக்கும் அதே பெயர். சினிமாவில் கேமராவைத் தூக்கிக்கொண்டு தேர்த் திருவிழாக் கூட்டத்தின் தலைக்கு மேலே மிதக்கிற கிரேன் ஷாட் நமக்குத் தெரிந்ததுதான்.

எனக்கு இதிலெல்லாம் மிகவும் பிடித்தது வேறொன்று. போலந்தில் ஜுராவ் என்ற அதே சொல் கிணற்று ஏற்றத்துக்கும் உண்டு. நம் ஊரில் ஒரு காலத்தில் கிணற்றுக்கு ஒன்றாக நின்ற அதே ஏற்றம்: கவட்டை மரம், அதன்மேல் ஆடும் நீண்ட மரம், ஒரு நுனியில் சால், மறு நுனியில் பளு. ரஷ்யாவிலும் ஏற்றத்துக்குப் பெயர் கிரேன்தான். ஹங்கேரியின் புல்வெளிகளில் நிற்கும் ஏற்றக் கிணற்றைக் கெமெஷ்குத் என்கிறார்கள். அதில் கெம் என்பது கொக்கு, குத் என்பது கிணறு. கொக்குக் கிணறு! வெட்டவெளியில் தூரத்திலிருந்து பார்த்தால் ஏற்ற மரம் நீர்க்கரையில் கழுத்தைத் தூக்கி நிற்கும் ஒரு பறவையைப் போலவே இருக்கும்.

நாம் ஏற்றத்துக்குப் பறவையின் பெயரை வைக்கவில்லை. அது செய்யும் வேலையைப் பார்த்தோம்: நீரை ஏற்றுவதால் ஏற்றம். கிரேனுக்கு நாம் வைத்துக்கொண்ட பாரந்தூக்கி என்ற சொல்லும் அப்படித்தான், வேலையைச் சொல்கிறது. அதற்காகத் தமிழுக்கு விலங்கின் பெயரைக் கருவிக்கு வைக்கும் வழக்கம் இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீணையில் தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு பலகை குதிரை. துப்பாக்கியில் விரல் வைத்து இழுப்பதும் குதிரை. சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டையின் காவல் பொறிகளை வரிசையாகச் சொல்லும் இடத்தில் சிரல், பன்றி, ஊகம் என்ற பெயர்கள் வருகின்றன. சிரல் என்றால் மீன்கொத்தி. பாய்ந்து கொத்துகிற பொறிக்குப் பாய்ந்து கொத்துகிற பறவையின் பெயர். ஊகம் கருங்குரங்கு. அந்தப் பெயரை வைத்தவரும் கெரனோஸ் என்று பெயர் வைத்த கிரேக்கரும் ஒரே விதமாகக் கண்ணை ஓட்டியிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் சிலர், “கொக்கு என்பதிலிருந்துதான் கொக்கி வந்தது, நாமும் கிரேனைக் கண்டுபிடித்துவிட்டோம்” என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் திராவிட வேர்ச்சொல் அகராதி கொக்கையும் கொக்கியையும் தனித்தனி வேர்களாகவே வைத்திருக்கிறது. ஒலி ஒத்துப்போவதை மட்டும் வைத்துச் சொல்லுக்கு உறவு கட்டினால் எதையும் எதோடும் கட்டிவிடலாம். ஆங்கிலக் கிரேனுக்குப் பறவை மூலம் என்று துணிந்து சொல்ல முடிவதற்குக் காரணம், இத்தனை மொழிகளில் அதே இணை மறுபடி மறுபடி வருவதும், எழுத்தில் அதன் தடம் தொடர்ச்சியாக இருப்பதும்.

கழுத்திலிருந்து கிளம்பிய இன்னொரு பொருள் அண்ணன் மகளின் மூன்றாவது வரி: கிரேன் என்பது வினைச்சொல்லாகி, கழுத்தை எட்டி நீட்டிப் பார்ப்பது. கூட்டத்தில் முன்னால் நிற்பவர் தலை மறைக்கும்போது குதிகாலைத் தூக்கிக் கழுத்தை நீட்டுகிறோமே, அது. வெறுமனே தலையைத் திருப்பிப் பார்ப்பதற்கு இந்தச் சொல் வராது. கழுத்து நீள வேண்டும், பார்வைக்கு ஒரு தடை இருக்க வேண்டும். நாம் ‘எக்கிப் பார்ப்பது’ என்று சொல்வது இதற்கு வெகு நெருக்கம். அவளே அப்போது கிணற்றுத் திட்டில் கையூன்றி எக்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்ப நீ செய்யிறதுதான் அது” என்றேன். அவளுக்கு மூன்றாவது வரி அதோடு புரிந்துவிட்டது.

இங்கே ஆங்கிலம் கற்கிறவர்கள் கவனிக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. விலங்கின் பெயரை எந்த விகுதியும் ஒட்டாமல் அப்படியே வினையாக்கிவிடும் மொழி அது. டாக் என்ற நாய் வினையானால் விடாமல் பின்தொடர்வது. ஏப் என்ற குரங்கு வினையானால் ஒருவரைப் பார்த்து அப்படியே செய்து காட்டுவது. ஃபிஷ் என்ற மீன் வினையானால் மீன் பிடிப்பது, அதோடு ஒருவரிடமிருந்து தகவலைச் சாமர்த்தியமாகக் கறக்கப் பார்ப்பதும்கூட. தமிழில் குரங்கு என்பதை நேராக வினையாக்க முடியாது, ‘குரங்குச் சேட்டை பண்ணினான்’ என்று ஒரு வினையைத் துணைக்கு அழைக்க வேண்டும். ஆகவே ஆங்கில வாக்கியத்தில் விலங்கின் பெயர் வந்தால், அது நிற்கிற இடம் பெயருக்கான இடமா வினைக்கான இடமா என்று முதலில் பார்க்க வேண்டும். பின்னால் ‘நெக்’ வந்தால் கிரேன் கழுத்தை நீட்டுகிறது. பின்னால் ஆபரேட்டர் வந்தால் இரும்பு. ஏரியும் சிறகும் பக்கத்தில் இருந்தால் பறவை.

கழுத்து போதும். காலுக்கு வருவோம், மூன்று விரலுக்கு.

நாய் வாங்கப் போனால் முதலில் கேட்கும் கேள்வி, “பெடிகிரி இருக்கா?” இந்த நாயின் அப்பன் யார், தாய் யார், அவற்றின் அப்பன் தாய் யார் என்று எழுதிய வம்சாவளித் தாள். அந்தப் பெயரிலேயே நாய்த் தீனிப் பொட்டலமும் கடையில் தொங்குகிறது. அதனால் நம் ஊரில் பலருக்குப் பெடிகிரி என்றால் நாய்த் தீனி. இந்தச் சொல்லுக்குள் நாய் எதுவும் இல்லை, இருப்பது கிரேன். பழைய பிரெஞ்சில் பியே த க்ரூ என்றால் கிரேனின் கால். பியே பாதம், க்ரூ பறவை. ஆங்கிலத்தின் வாயில் அது தேய்ந்து பெடிகிரி ஆயிற்று. இங்கிலாந்தில் 15-ஆம் நூற்றாண்டிலேயே வழக்கில் இருந்த சொல் இது.

பறவையின் பாதத்துக்கும் பாட்டன் பூட்டனுக்கும் என்ன உறவு? ஒரு தாளை எடுத்துத் தாத்தாவின் பெயரை மேலே எழுதுங்கள். அவருக்கு மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பெயருக்குக் கீழிருந்து இடப்பக்கம் சாய்வாக ஒரு கோடு, நேராக ஒரு கோடு, வலப்பக்கம் சாய்வாக ஒரு கோடு. தாத்தாவிலிருந்து மூன்று பிள்ளைகளும் பிரிந்துவிட்டார்கள். இப்போது அந்தக் கோடுகளை மட்டும் பாருங்கள். சேற்றில் ஒரு பறவை கால் வைத்துவிட்டுப் போன தடம். வம்சாவளி எழுதிய அந்தக் கால எழுத்தர்கள் இந்தக் குறியைத்தான் போட்டார்கள், அந்தக் குறிக்குத்தான் கிரேனின் கால் என்று பெயர் சொன்னார்கள். குறியின் பெயர் பிறகு தாளின் பெயரானது, தாளின் பெயர் குலத்தின் பெயரானது. நான்கு விரல் பதிக்கிற நம் வயல் கொக்கை வைத்து இந்தச் சொல் பிறந்திருக்க முடியாது. அதனால்தான் மூன்று விரலை நினைவில் வைக்கச் சொன்னேன்.

தமிழில் இதற்குக் கொடிவழி என்று ஒரு பழைய சொல் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நீண்டு போவதைப் படர்கிற கொடியாகப் பார்த்த சொல். அங்கே ஒருவர் தாளில் விழுந்த கோட்டைப் பார்த்தார், இங்கே ஒருவர் வேலியில் ஏறும் கொடியைப் பார்த்தார். எனக்குக் கொடிவழியின் மேல்தான் பாசம் அதிகம். அந்தச் சொல்லை நாம் இன்னும் கொஞ்சம் புழங்கலாம் என்று மனதாரச் சொல்கிறேன்.

அலகு மிச்சம் இருக்கிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் வீட்டு வாசல்களில் சிவப்பும் இளஞ்சிவப்புமாகக் கொத்துக்கொத்தாகப் பூத்திருக்கும் ஜெரேனியத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயர் கெரனோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பூவைப் பார்த்து வைத்த பெயர் அல்ல. பூ உதிர்ந்தபின் நிற்கும் காயைப் பாருங்கள்: கீழே சின்ன உருண்டை, அதிலிருந்து ஊசிபோல நீண்ட மூக்கு. பறவைத் தலையும் அலகுமே. ஆங்கிலத்தில் அந்தச் செடிக்கு நாட்டு வழக்குப் பெயர் கிரேன்ஸ்பில், அதாவது கிரேனின் அலகு.

இதில் ஒரு பெயர்க் குளறுபடி நடந்துவிட்டது. 1753-இல் லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் இந்தச் சாதிச் செடிகளை எல்லாம் ஜெரேனியம் என்று ஒரே பெயரில் அடைத்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்திருந்த செடிகளும் அதில் சேர்ந்தன. பிறகு 1789-இல் லெரிட்டியர் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர், தென்னாப்பிரிக்கச் செடிகள் வேறு என்று சொல்லி அவற்றைப் பிரித்து பெலார்கோனியம் ஆக்கினார். கிரேக்கத்தில் பெலார்கோஸ் என்றால் செங்கால் நாரை வகையைச் சேர்ந்த பறவை. ஏற்கெனவே கிரேன் இருந்த இடத்தில் நாரையை வைத்தார். இன்னொரு உறவுச் செடிக்கு எரோடியம் என்ற பெயர் உண்டு, அதில் இருப்பது கொக்கு. மூன்று நீர்ப்பறவைகளின் அலகுகள், மூன்று செடிகள். தோட்டக்காரர்களோ அதற்குள் ஜெரேனியம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். நாம் தொட்டியில் வளர்ப்பது தாவரவியல்படி பெலார்கோனியம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் எண்ணெய் வடிப்பதற்காகப் பயிரிட்ட ஜெரேனியமும் பெலார்கோனியம்தான். சோப்புக்கும் வாசனைத் திரவியத்துக்கும் போகும் அந்த எண்ணெயின் பெயரில் கிரேன் இருக்கிறது, செடியில் இருப்பது நாரை.

கிரான்பெரியிலும் இதே பறவை உண்டு. சதுப்பு நிலத்தில் காய்க்கும் அந்தச் சிவப்புப் பழத்துக்கு வட ஜெர்மனியின் பேச்சு வழக்கில் க்ரான்பேரே என்று பெயர், கிரேனின் பழம். அமெரிக்காவில் குடியேறியவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் அதை ஆங்கிலமாக்கினார்கள். பூவின் நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தாள்கள் அலகுபோல இருப்பதால் என்று சிலர் சொல்வார்கள், சதுப்பில் அந்தப் பறவை நடமாடுவதால் என்று வேறு சிலர்.

இங்கிலாந்தின் ஊர்ப்பெயர்களிலும் பறவை ஒளிந்திருக்கிறது. கிரான்ஃபீல்டு என்றால் கிரேன்கள் வரும் வெளி. கிரான்புரூக் என்றால் கிரேன்கள் வரும் ஓடை. ஆனால் 1600 வாக்கிலேயே பிரிட்டனில் கிரேன்கள் கூடுகட்டுவது நின்றுபோனது. வேட்டையும் சதுப்புநிலத்தை வடித்து வயலாக்கியதும் காரணம். அதற்குப் பின் பிறந்தவர்களுக்குக் கிரேன் என்பது துறைமுகத்தில் நிற்பது, நூலில் படிப்பது. 1979-இல்தான் நார்ஃபோக் பகுதிக்கு இரண்டொரு பறவைகள் தாமாக வந்து தங்கின, பிறகு மெல்லப் பெருகின. பறவை இல்லாத நாட்டில் அதன் பெயரை ஊரும் இரும்பும் மூன்றரை நூற்றாண்டுக்கு மேல் காப்பாற்றி வைத்திருந்தன. அங்கேயும் கிராமத்தார் பலர் சாம்பல் நிறக் கொக்கைப் பார்த்துக் கிரேன் என்று சொல்லிவந்திருக்கிறார்கள். நம் அகராதிக் குழப்பம் நமக்கு மட்டும் உரியது அல்ல.

கிரேன் வேலையில் இருப்பவர்களிடம் பேசினால் இந்தப் பறவைக்குத் துணையாக வேறு உயிர்களும் வந்து சேரும். தொழிற்சாலைக் கூரைக்கு அடியில் இரண்டு தண்டவாளங்களின் மேல் ஓடும் கிரேன் இருக்கிறதே, அதன் உத்தரத்தில் பக்கவாட்டில் நகர்ந்து கொக்கியை ஏற்றி இறக்கும் பெட்டிக்கு கிராப் என்று பெயர், நண்டு. நண்டு பக்கவாட்டில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். பழுதான வண்டியைத் தூக்கிக்கொண்டு போகும் சிறு கிரேனை நம் ஊர்களில் ஹைட்ரா என்கிறார்கள். ஹைட்ரா கிரேக்கக் கதையில் பல தலை கொண்ட நீர்ப்பாம்பு. பள்ளி உயிரியலில் படிக்கிற, குளத்து நீரில் வாழும் நுண்ணிய ஹைட்ராவுக்கும் அதே பெயர்தான். கையைத் தூக்குகிற எண்ணெய் அழுத்த முறைக்கு ஹைட்ராலிக் என்று பெயர், அதிலும் இதிலும் இருப்பது நீர் என்ற கிரேக்கச் சொல். நீண்டு சுருங்கும் அந்தக் கையைப் பூம் என்கிறார்கள். அது டச்சு மொழியில் மரம். ஒரு வண்டிக்குள் பாம்பும் பறவையும் மரமும் சேர்ந்துவிட்டன.

பன்னிரண்டாம் நாள் கிணற்றில் ஊற்றுக் கண் திறந்தது. வேலைக்காரர்கள் கிரேனின் கையைக் கழற்றி டிராக்டர் டிப்பரில் ஏற்றினார்கள். அண்ணன் மகள் நோட்டில் எண் போட்டு எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நடுவில் ஒரு பறவையை வரைந்திருந்தாள். கழுத்திலிருந்து இரண்டு கோடு, காலிலிருந்து ஒன்று, அலகிலிருந்து ஒன்று. பறவையின் காலில் நான்கு விரல் போட்டிருந்தாள். நான் சொல்வதற்குள் அவளே அழிப்பானை எடுத்து ஒன்றை அழித்தாள்.